ஆறு எண்ணுவதற்குள் ஒரு மூச்சு

…நாலு, அஞ்சு, ஆறு, அமுக்கு, நெஞ்சு எழும்புகிறது, விடு, ஒண்ணு, ரெண்டு, இதில் கஷ்டம் ஒன்றுமில்லை தம்பி என்று சிஸ்டர் சொன்னதை நம்பித்தான் நானும் கையை நீட்டினேன், பந்து மாதிரி ஒரு ரப்பர் பை, ஒரு முனை அப்பாவின் வாய்க்குள் போகும் குழாயில், மறுமுனை ஆக்சிஜன் சிலிண்டரில், நடுவில் நான், எவ்வளவு நேரத்துக்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை… மதியம் ரெண்டு பத்துக்கு கரண்ட் போனது, நிமோனியா வந்த அப்பாவுக்குப் பதிலாக ஐந்து நாளாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த மெஷின், பேட்டரியில் ஒரு மணி நேரம் தாங்கும் என்று தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருந்த மெஷின், எட்டே நிமிஷத்தில் ஒரு கூச்சல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது, சிஸ்டர் ஓடிவந்து குழாயை அதிலிருந்து பிடுங்கி இந்தப் பையில் மாட்டினார், "நெஞ்சு எழும்புற அளவுக்குப் போதும், உங்க கோவத்தையெல்லாம் இதுல காட்டாதீங்க," எனக்கு அப்பாமேல் கோபம் இருப்பது இவருக்கு எப்படித் தெரியும், கேட்பதற்குள் மூணாவது கட்டிலுக்கு ஓடிவிட்டார், அங்கேயும் ஒரு பை, ஒரு நெஞ்சு, டாக்டர் கீழே தியேட்டரில் யாரோ ஒருவரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் நிற்கிறாராம், ஆக இந்த வார்டில் மொத்தம் நாலு கை, அதில் ரெண்டு என்னுடையது, நாட்டின் நிலைமை அவ்வளவு மோசம்.

அஞ்சு, ஆறு, அமுக்கு… பொறுப்பான வேலைக்கெல்லாம் எங்கள் வீட்டில் அக்காதான், அவள் ஃபிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறிய நேரம் பார்த்து கரண்ட் போய், தரைக்கும் இந்த முதல் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறாள், லிஃப்ட் கதவு வார்டுக்கு நேர் எதிரே, அதனால் மேலே நடப்பதும் கீழே நடப்பதும் அவளுக்குத் தெரியும், இன்றைய தேதிக்கு நாட்டில் வேலை செய்கிற ஒரே செய்தி நிறுவனம் அவள்தான். "டேய், நிறுத்தலல்ல?" "இல்லக்கா." "நிறுத்தினே, வெளிய வந்து உன்னை இதே கட்டில்ல படுக்க வெப்பேன்!" "முதல்ல வெளிய வா." "நாடு முழுக்கப் போச்சாம்டா, வாட்ச்மேன் ரேடியோல சொல்றான், ரயில் எல்லாம் நடுவழியில நிக்குதாம்!" ஜன்னல் வழியே பார்க்கிறேன், நாற்சந்தியில் சிக்னல் செத்துக் கிடக்கிறது, நாலு திசை வண்டியும் ஒன்றுக்குள் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறது, எல்லோருக்கும் அவசரம், யாருக்கும் வழியில்லை, ஆறு, அமுக்கு, "ஜெனரேட்டர் என்னாச்சுக்கா?" "டீசல் இல்லையாம்!" "எப்படி இல்லாமப் போகும்?" அவள் கீழே விசாரித்துச் சொன்னதைக் கேட்டு என் கை ஒரு நொடி நின்றேவிட்டது, பிறகு அவசரமாக அமுக்கினேன், விஷயம் இதுதான், திங்கட்கிழமை தோறும் ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஆஸ்பத்திரி விதி, எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷமாக ஒரு வாரம் தவறாமல் ஓட்டியிருக்கிறார், நோட்டில் 'ஓடியது', 'நன்றாக ஓடியது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், டீசல் எவ்வளவு மிச்சம் என்று எழுத அந்த நோட்டில் கட்டமே இல்லை, கட்டம் இல்லாததால் யாரும் ஊற்றவும் இல்லை, ஆபத்துக்கு உதவுமா உதவுமா என்று சோதித்துச் சோதித்தே ஆபத்துக்கு வைத்திருந்ததைத் தீர்த்திருக்கிறார்கள், எங்கள் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நான் இப்படி ஒன்றை எழுதியிருந்தால் ரொம்பக் கற்பனை பண்றே என்று தள்ளியிருப்பார்கள். பெட்ரோல் பங்க்கில் போய் வாங்கலாமே… பங்க்கிலும் கரண்ட் இருந்தால்தானே இறைக்கும்.

ரெண்டு, மூணு, கட்டைவிரல் முதலில் மரத்தது, பிறகு மணிக்கட்டு, கையை மாற்றினால் தாளம் தப்புகிறது, தாளம் தப்பினால் அப்பாவின் உதடு லேசாக நீலம் பூசிக்கொள்கிறதோ என்று சந்தேகம், சந்தேகம் வந்தால் வேகம் வருகிறது, "மெதுவா தம்பி, நுரையீரல் கிழிஞ்சுடும்," சிஸ்டர் திரும்பாமலே சொல்கிறார், முதுகில் கண் இருக்கிறது அவருக்கு… அப்பாவுக்கும் இருந்தது. நீச்சல் குளத்தில் விசிலும் கையுமாக இருபத்தைந்து வருஷம், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்த மனுஷன், சொந்தப் பிள்ளை மட்டும் குளத்தின் முக்கால் தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினான், அன்றிலிருந்து எனக்கு 'முக்கால்' என்று பெயர், கிடார் முக்கால், கராத்தே முக்கால், போன பரீட்சையில் முக்கால்கூட இல்லை, அதற்கும் சிரித்தார், திட்டியிருந்தால் மறந்திருப்பேன், சிரித்தார்… அதனால்தான் இந்தக் கோபம், அஞ்சு, ஆறு, அமுக்கு, இப்போது சிரியுங்களேன் பார்க்கலாம், உங்கள் காற்றே என் கையில்தான் இருக்கிறது, சே, என்ன பேச்சு இது, நெஞ்சே, எழும்பு, எழும்புகிறது, எழும்புகிறது! ரயில் நிற்கிறது, ஆலை நிற்கிறது, சிக்னல் நிற்கிறது, அக்காவே பாதி வழியில் நிற்கிறாள், நான் அமுக்குகிற இது மட்டும் ஓடுகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது, துடைக்கக் கை இல்லை, வரட்டும், வாயில் உப்புக் கரிக்கட்டும், தோள் கழன்று விழுந்தால் பல்லால் கடித்தாவது அமுக்குவேன், யாராவது வந்து இந்தப் பையை என்னிடமிருந்து பிடுங்கட்டும் பார்க்கலாம்… "டேய்! தண்ணி லாரி டிரைவர் டீசல் தராராம்! எலக்ட்ரீஷியன் வாயால இழுத்து எடுக்கறாரு, பாதி அவர் வயித்துக்குள்ள போயிருக்கும்!" போகட்டும், இரண்டு வருஷத்து நோட்டுக்கு அதுதான் சரி.

எங்கோ கீழே ஒரு இருமல், பிறகு நீளமான உறுமல், விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சைக் கண்ணைத் திறந்தது, ஒரு மணி நாற்பது நிமிஷம், முழுசாக, நான்! சிஸ்டர் மூணாவது கட்டிலை மெஷினில் மாட்டிவிட்டு ஓடிவந்து அப்பாவின் குழாயையும் மாட்டினார், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து பிரித்தார், லிஃப்ட் திறந்து அக்கா ஃபிளாஸ்க்கோடு பாய்ந்து வந்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையைப் பிடித்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள், வலித்தது, ராஜாவாட்டம் நின்றேன். சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், "அட, அப்பா தானா மூச்சு இழுக்கிறாரே, காலையிலகூட இது இல்ல, நல்ல செய்தி தம்பி." எப்போதிலிருந்து சிஸ்டர்? "அது யாருக்குத் தெரியும், பை உங்க கையிலதானே இருந்துச்சு." ஆமாம், என் கையில்தான் இருந்தது… சிரிப்பு வந்ததே, அதற்குப் பிறகு பை லேசானது, எனக்கு பலம் கூடிவிட்டது என்றல்லவா நினைத்தேன், எண்ணுவதைக்கூட எங்கேயோ விட்டுவிட்டேனே, எண்ணாமலே தாளம் தப்பவில்லையே, அப்படியென்றால் நான் அமுக்கி அவர் இழுத்தாரா, அவர் இழுத்து இழுத்து என் கையை ஓட்டிக்கொண்டிருந்தாரா… வேண்டாம், கண் திறந்ததும் அவரையே கேட்டுவிடலாம், கேட்டால் என்ன சொல்வார், சிரிப்பார், சிரிக்கட்டுமே, முதலில் சிரிக்கட்டும்…