படுவான்கரைப் பிள்ளைகளின் நிறை

பூமலரின் பதிவேட்டில் படுவான்கரைப் பிள்ளைகள் மாதாமாதம் கொழுத்துக்கொண்டு வந்தார்கள். அது தொண்ணூற்றாறாம் வருடம். வாவியைக் கடந்து, இயக்கத்தின் கையிலிருந்த அந்தக் கரைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் போவதற்கே அனுமதி வேண்டும். பிள்ளைகளின் நிறைக்கு மட்டும் தடையில்லை.

பூமலர் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாதாக வேலைக்கு வந்து நாலு மாதம். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் மாதம் ஓடத்துறைச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன், பிள்ளை நிறுக்கும் தொங்கு தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவளை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்திவைத்தான். ஒருவழியாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்துவிட்டு வந்தவள் அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கந்தோர் மேசையில் இருந்தபடியே மாதம் ஆளுக்கு இருநூறு கிராம் கூட்டிப் போட்டாள். யாருக்கும் குறை வைக்கவில்லை.

பலன் வந்தது. பிள்ளைகள் நல்ல தேகாரோக்கியத்துடன் இருப்பதால் அவர்களுக்குரிய சத்துமா அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்படும் என்று பெரிய டொக்டர் கடிதம் போட்டார்.

பூமலருக்கு வேலை பழக்கி, அவள் பதிவேட்டில் மேற்கையெழுத்தும் வைப்பவள் காத்தான்குடி றமீஸா. பத்து வருடம் அந்தக் கரையில் பிள்ளைப்பேறு பார்த்தவள். தொண்ணூறில் நடந்த பள்ளிவாசல் படுகொலைகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் அங்கே போவதில்லை, அவளும் போகவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுப் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"மாரி மழைக்குள்ள முப்பத்தொரு புள்ளையும் ஒரே அளவா இருநூறு கிராம். கோழிப் பண்ணையிலயும் இப்பிடி வளராது."

"சென்றியில பயமாக் கிடந்திச்சு அக்கா," என்றாள் பூமலர். கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குப் போ. அவன் தராசைக் கேக்க முந்தி நீயே எடுத்துத் தொங்கவிடு. அவன்ட சாமான் எதையாவது நிறுத்துக் காட்டு."

மறுநாள் ஆமிக்காரனின் சோற்றுப் பார்சல் தராசில் எழுநூறு கிராம் காட்டியது. இவ்வளவுதானா என்று சமையல்காரனைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டே அவளை ஓடத்தில் ஏறவிட்டான்.

மருத மரத்தில் தராசைக் கட்டி முப்பது பிள்ளைகளை நிறுத்தாள். ஒரு பிள்ளையும் கூடவில்லை. பாதிப்பேருக்கு மேல் குறைந்திருந்தார்கள். முப்பத்தோராவது பெயருக்குத் தாய் மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

"காய்ச்சல் வந்து மோசம் போயிட்டான், மிஸ்ஸி. மூணு கிழமை ஆகுது. புள்ள மெலியிறான் எண்டு உங்களுக்குக் காட்டத்தான் போன கிளினிக் நாள் தூக்கிட்டு வந்தன். பின்னேரம் வரைக்கும் இதிலதான் நிண்டன்."

அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். பதிவேட்டில் அன்றைக்கு அவன் இருநூறு கிராம் கூடியிருந்தான். பூமலருக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கந்தோருக்கு வந்ததும் றமீஸா வழி சொன்னாள். "புது நிறையை மட்டும் எழுதிக் குடு. மாரியில குறைஞ்சிட்டு எண்டா மா திரும்பி வரும். மத்ததைச் சொன்னா வேலை போயிரும்."

"அப்ப பதிவேட்டில அந்தப் புள்ள நல்லாக் கொழுத்திருந்து செத்ததாத்தானே இருக்கும், அக்கா."

பூமலர் டொக்டருக்குக் கடிதம் எழுதினாள். மூன்று கிளினிக் நாள்களிலும் தான் போகவில்லை, நிறைகள் பொய், ஒரு பிள்ளை இறந்துவிட்டது. தேதிகளையும் போட்டாள்.

றமீஸா வாங்கி வாசித்தாள். "தாய் ஆரு?"

"சின்னத்தங்கம்."

"அவட மூத்தவனை நான்தான் பேறு பாத்து எடுத்தன்." றமீஸா பேனைக்குக் கை நீட்டினாள். "அந்தப் பேருகளப் பாக்க எனக்கு ஏலாது புள்ள. போகேலாத இடம். அதால மூணு மாசமும் வாசிக்காமத்தான் உன்ட பக்கங்கள்ள கையெழுத்து வெச்சன்."

பேனையை வாங்கி, கடிதத்தில் பூமலரின் பெயருக்குக் கீழே, தான் வாசிக்காமல் ஒப்பமிட்டதையும் ஒரு வரியாக எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.