மாத்திரைக்கு முன்னால்

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து அம்சம் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான், அம்மா தங்கம்மாள் அழுகைக்கு நடுவே அப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னாள்.

"நாக்குக்கு அடியில வச்ச மாத்திரை கரையக் கரைய ரத்தக்கொழா விரியுறத மாப்புள கம்ப்யூட்டர்ல காட்டுனாருன்னு சொன்னியே! வாலிபப் பையன் கொழா மாதிரி இருக்குன்னியே! அந்தத் தெம்புலதானே வெயில்ல போயி உக்காந்த!"

அம்சத்தின் கை நின்றது.

காலையில் அப்பா அய்யாவு, எரிவாயுக் குழாய் பதிக்க வந்த பொக்லைனுக்கு முன்னால் தன் வயலில் உட்கார்ந்தார். கூலி வேலை செய்தே வாங்கிய வயல். அவர் வம்சத்துக்கே முதல் பட்டா. வயசான காலத்தில் எதற்கு என்று கேட்ட போலீஸ்காரரிடம், "மாப்புளயே செக் பண்ணிட்டாரு, எனக்கென்ன?" என்று பீற்றிக்கொண்டாராம். உச்சிக்கு முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை, அம்சத்தின் கணவன் நாகநாதன், தஞ்சாவூரில் டாக்டர். மேற்படிப்புக்காக ரத்தக்குழாயின் உட்சுவரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். அம்சம் அங்கேயே நர்ஸ். அந்தப் பரிசோதனை அவளுக்கு அத்துப்படி. முன்கையில் பட்டையை இறுக்கி, ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். விட்டதும் ரத்தம் குபீரென்று பாயும். அதை உணர்ந்து உட்சுவரே குழாயை விரித்துக்கொடுக்க வேண்டும். விரியவில்லையென்றால் உட்சுவர் கெட்டிருக்கிறது, இதயத்தையும் பார்த்தாக வேண்டும். மாத்திரை கடைசியில்தான். அது உட்சுவரைக் கேட்காமலே குழாயை விரித்துவிடும்.

அம்சம் எழுந்து வெளியே வந்தாள். பந்தலில் நாகநாதன் கோடி வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு எதக் காட்டுனீங்க? மாத்திரைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் வேட்டி மடிப்பை நீவினான். "பின்னாடி."

"முன்னாடி விரிஞ்சுதா?"

"மெதுவா பேசு."

"விரிஞ்சுதா?"

"இல்ல." அவன் நிமிரவில்லை. "நோய் இல்லாதவங்க குரூப்ல ஆள் கொறஞ்சுது, அம்சம். இதய நோய்னு தெரிஞ்சு அவரையும் தள்ளிட்டா ஆராய்ச்சி நின்னுரும். முடிஞ்சதும் ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்னுதான்…"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வேட்டியை இன்னொரு மடிப்பு மடித்தான். பரிசோதனை முடிந்த அன்றைக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் மீன் வையி" என்று உபசாரம் செய்தவன் இவன்தான். அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

"மருமவன் கோடி போடணும், வாங்க" என்று பெரியவர் குஞ்சிதபாதம் கூப்பிட்டார்.

டாக்டர் மாப்பிள்ளைக்கு எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். அவன் வேட்டியைப் பிரித்துக் கழுத்துவரை போர்த்தினான். அம்சம் உட்கார்ந்து, அப்பாவின் வலது கையை மெல்ல வெளியே எடுத்தாள்.

"கைய உள்ள வையிம்மா" என்றார் குஞ்சிதபாதம்.

அவள் வைக்கவில்லை. முழங்கைக்குக் கீழே, பட்டை கட்டும் இடத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாள். நாகநாதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு பிடியை விட்டுவிட்டு, அம்சம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.