ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அவர் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் மனைவி சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. என்ன பேசுறாங்கன்னு வந்து சொன்னா போதும்," என்றாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது தானும் வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். பஸ் டிரைவரான அவருக்கு அதில் ஆச்சரியமில்லை. மார்பில் அறுவை சிகிச்சை முடிந்த இந்தப் பதினோரு மாதமாக அவள் எல்லாவற்றுக்கும் வாசல்வரைதான் வருகிறாள்.

டாக்டர்கள் தங்கள் வேலை முடிந்தது என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டால் ஒரு மணி நேரம் திறக்க மாட்டாள். தூக்கத்தில் கை பட்டுவிடும் என்று அவரைக் கூடத்து சோபாவுக்கு அனுப்பிவிட்டாள். ஆஸ்பத்திரி நடத்திய ஆறுதல் கூட்டத்துக்கு ஒருமுறை போனார்கள். பிழைக்க வந்த நாட்டின் மொழியில் எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள். இவர்கள் இருவரும் சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு, தமிழ் பேசும் வார்டு நர்ஸ் ஒருத்தி, நம் ஆட்களுக்கென்று ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைக் கேட்டு வாங்கி, மாதம் ஒரு ஞாயிறு கூட்டம் போடுவதாக நோட்டீஸ் கொடுத்தாள். 'புற்றுநோயை வென்றோரும் பராமரிப்போரும்' என்று போட்டிருந்தது.

"வென்றோராம்," என்றாள் மனைவி. "கப்பு எங்க குடுப்பாங்களாம்?"

புற்றுநோய் என்று வெளியில் யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லிவைத்திருந்தார்கள். இதே ஊரில் இருக்கும் கூடப்பிறந்த அக்காவிடமும் அதேதான். "அக்காகிட்ட சொல்றதும் மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணுதான்," என்று தடுத்தவளே, அந்த அக்கா ஆறு மாதமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பொருமிக்கொண்டும் இருந்தாள்.

மாடியில் பிள்ளைகள் உட்காரும் எட்டுக் குட்டை நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நர்ஸைத் தவிர ஒரே ஒரு பெண். தலையில் துணி கட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். காலடி கேட்டுத் திரும்பினாள். முகம் பாதியாகிவிட்டிருந்ததால் அவருக்கு அடையாளம் பிடிபடச் சற்று நேரமானது.

மனைவியின் அக்கா.

நர்ஸ் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டீ கொண்டுவருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

"உங்களுக்கா, தம்பி?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. குட்டை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப கர்ப்பப்பைன்னு சொன்னது..."

"மார்ல, அண்ணி."

"எனக்கும் அங்கதான்." பக்கத்து வீட்டுக்காரர் குடிமாறிப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். "இப்ப ஈரலுக்குப் போயிடுச்சு. இனி மருந்து வேண்டாம்னுட்டாங்க." தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. யாருக்கும் இல்லன்னேன்," என்றாள்.

"நாங்களும் அப்படித்தான் சொன்னோம்."

இரண்டு வீட்டிலுமாக மூன்று பெண்பிள்ளைகள். இருவருமே அதைத்தான் நினைத்தார்கள்.

"அவ கீழ கார்லதான் இருக்கா," என்றார் அவர்.

அவள் எழுந்து ஜன்னலோரமாக ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தாள். நனைந்த கார்க்கூரையைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

"முடி வளந்துடுச்சா?"

"கழுத்துவரைக்கும் வந்திருக்கு. சுருட்டையா."

"சின்னதுல சுருட்டை முடிதான் வேணும்னு அடம்பிடிப்பா," என்று சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "சொல்லிடாதீங்க, தம்பி. அடுத்த மாசம் எங்க பெரியவளப் பொண்ணு பாக்க வர்றாங்க."

"கல்யாணம் முடியறவரைக்கும் வெளிய சொல்ல வேணாம், சரி. ஆனா ஒரு தடவ வந்து அவள பாருங்க, அண்ணி. உங்களப் பாத்தா அவளுக்கு..."

"என்னப் பாத்தா, நாளைக்கு தனக்கு என்னன்னு தெரிஞ்சுக்குவா."

நர்ஸ் மூன்று கோப்பையோடு வந்தாள். யாருக்கு எது மனதில் இருக்கிறதோ பேசலாம் என்றாள். மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டிய குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். டீயைக் குடித்து முடித்தார். அண்ணி முதலில் எழுந்து, நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கப் படிகளில் இறங்கிப் போனாள். அவர் பத்து நிமிஷம் கழித்து இறங்கினார்.

"யாராவது வந்திருந்தாங்களா?"

"நர்ஸ் மட்டுந்தான்."

"நான்தான் சொன்னேனே. நம்ம ஆளுங்க யாரு வருவா."

தெருமுனை நிறுத்தத்தில் நீளக் கோட்டுப் போட்ட பெண்ணொருத்தி, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான்கு வருடமாக அவர் பஸ் ஓட்டும் வழி அது. ஞாயிறன்று மூன்று மணிவரை அங்கே எதுவும் வராது.

"ஏங்க, பாவம், மழைல நிக்கிறாங்க. இன்னிக்கு இந்தப் பக்கம் பஸ் உண்டா?"

"உண்டு," என்றார். "இப்ப வந்துடும்."

மனைவி சட்டைக் கையால் கண்ணாடியின் ஆவியைத் துடைத்தாள். கார் நிறுத்தத்தைத் தாண்டியது. அவள் உடம்பைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.