மகளின் கோப்பில் கிடந்த மனு

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மடிக்கணினி. பகலில் நான் அதில் ஒரு வக்கீலுக்கு மனுக்களைத் தட்டச்சு செய்வேன். எல்லாம் குடும்ப வழக்குகள். மாலையில் பெரியவளும் சின்னவளும் வீட்டுப்பாடம் செய்ய அதற்காக அடித்துக்கொள்வார்கள். அதிலிருந்த தட்டச்சு மென்பொருளின் இலவச மாதம் முடிந்த அன்று எனக்கு ஏழரை பிடித்தது.

ஆண்டுச் சந்தாவைப் பார்த்தேன். குடும்பத் திட்டம் என்று ஒன்று. ஆறு பேர் வரை பயன்படுத்தலாமாம். ஆறு பேருக்குச் சோறு போடுகிற வீட்டில் அவ்வளவு பணம் எப்படி மிஞ்சும் என்பது விலை வைத்தவனுக்கே வெளிச்சம். இலவசமாகக் கிடைத்த வேறொன்றை இறக்கினேன். அதில் வக்கீலின் மனுவைத் திறந்தால் ஓரங்கள் நகர்ந்து, பத்தி எண்கள் எல்லாம் மாறிக் கிடந்தன. "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்று வக்கீல் திருப்பி அனுப்பினார். கணினி பழுது பார்ப்பவர் திருட்டுப் பிரதி ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்று வந்துவிட்டேன். நேர்மை பாதி, பயம் பாதி.

அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது ஏழாம் வகுப்பு படிக்கும் பெரியவள்தான் வழி சொன்னாள். "ஸ்கூல்ல எனக்கு இதையே ஃப்ரீயா குடுத்திருக்காங்கம்மா. அதுல பண்ணிக்கோ."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் பெயரில் நுழைந்து மூன்று வாரம் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் கோப்புகள் ஆசிரியையின் கண்ணுக்கும் தெரியும் என்பது எனக்கு எங்கே தெரியும்?

வகுப்பு ஆசிரியை வரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "உக்காருங்க" என்று ரொம்பக் கனிவாகச் சொன்னார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மகள் எழுதிய 'தாவரங்களின் வகைகள்' கட்டுரைக்குக் கீழே ஒரு விவாகரத்து மனு. கட்சிக்காரர்களின் பெயர்களை வக்கீல் பிறகு தன் கையால் நிரப்பிக்கொள்வார். அந்த இடங்களில் நான் புள்ளிகள்தான் வைத்திருந்தேன். இரண்டு பெண் குழந்தைகள் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா? பிள்ளை ரெண்டு வாரமா சரியா சாப்பிடறதில்ல."

"ஐயோ டீச்சர், அது என்னோட வேலை!"

விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார். பள்ளி கொடுத்ததில் இனி அந்த வேலை வேண்டாமென்றார். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை என்றது மனதை அறுத்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பெரியவளிடம் சொன்னேன். "லூசு, அந்த மனு யாரோ ஒருத்தரோடது. ஏண்டி என்கிட்ட கேக்கல?"

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"பேரே இல்லாத மனு. நம்மளதுன்னு எப்படி நெனச்ச?"

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே நடந்தாள். "தேவைக்கு மேல ஒரு வார்த்தை பேசறதில்ல, ஒண்ணா உக்காந்து சாப்பிடறதில்லன்னு போட்டிருந்துச்சு. வேற யாரா இருக்கும்?"

அந்த வரியைத் தட்டியது நான்தான். தட்டும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் சரக்கு வண்டியை விட்டுவிட்டு வந்தார். நடந்ததை முழுதாகச் சொல்ல வாய் வராமல், இனி சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். விலையையும் சொன்னேன்.

"வாங்கிடு" என்றார், சட்டையைக் கழற்றியபடியே.

அவர் கெட்டவர் இல்லை. நானும் இல்லை. இரண்டு பேருக்கும் அசதி, அவ்வளவுதான். பெரியவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவாவது அவரிடம் இன்னும் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.