குடைக்கு முன்னால் ஒரு ரோஜா

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் தொண்டை தேய்ந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க, செடி மாறலீங்க. அதே கருப்பு ரோஜாதாங்க. ஆமாங்க, பூக்கும்போது கொஞ்சம் சிவப்பாத்தான்... ஹலோ? ஹலோ?"

எதிர்முனை பட்டென்று வைத்துவிட்டது. அக்கா இருமினாள். உப்புத்தாளை இரும்பில் தேய்த்த மாதிரி ஓர் இருமல். இருமல் முடிவதற்குள் அடுத்த மணி.

இந்தப் பக்கம், கேமராவின் பின்னால் நின்றிருந்த சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட வழியில்லை. தபாலில் செடி விற்கும் அந்தக் கம்பெனியில், பழைய பூத்தொட்டி அறையைப் பலகை வைத்துத் தடுத்து ஒரு பாதியை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள், மறுபாதியைப் புகார் கேட்கும் அறை ஆக்கியிருந்தார்கள். தங்கை படம் எடுப்பாள். அதைப் பார்த்து வாங்கியவர்களின் திட்டை அக்கா வாங்குவாள். குடும்பத் தொழில் என்று பேக்கிங் அறையில் கேலி செய்வார்கள்.

போன வருஷத்து விலைப்பட்டியலின் அட்டைப்படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வெள்ளைப் பின்னணியில், நட்ட நடுவே, முகத்துக்கு நேராக ஒரு ரோஜா. கழுத்தை நெரிக்கிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்திருந்தாள். அசல் பூ திராட்சை ரசத்தின் நிறம். படத்தில் அது கரிக்கட்டையாக, வெல்வெட்டாக, உலகத்தில் எங்குமே இல்லாத கருப்பாக வந்தது. செடி கொத்துக்கொத்தாக விற்றது. பூத்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

நேற்று சாயங்காலம் டாக்டர் அக்காவின் தொண்டைக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கும்மா. பேச்சைக் குறைங்க. இல்லேன்னா கத்தி வைக்கணும். அப்புறம் இந்தக் குரல் திரும்ப வரும்னு நான் உத்தரவாதம் தரமாட்டேன்" என்றார்.

"பேசுறதுதான் டாக்டர் என் வேலையே" என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

காலையில் சின்னவள் நேராக முதலாளியிடம் போய், அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். அவர் நிமிரவே இல்லை.

"போன் வர்றது குறையட்டும், மாத்திடலாம். இப்ப வேற யாரை அங்க உட்கார வைக்கிறது?"

போன் எப்படிக் குறையும்? அதே மனிதர் இப்போது ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'இன்னும் கொஞ்சம்'. எந்தப் படத்தைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார்.

"அட்டைக்கு மறுபடியும் கருப்பு ரோஜாதான். சாயங்காலத்துக்குள்ள அச்சகத்துக்குப் போயாகணும்."

"போன வருஷப் படமே இருக்கே சார்?"

"அதையே போட்டா போன வருஷம் வாங்கினவன் கண்டுபிடிச்சிடுவான்மா. புதுசா எடு. ஆனா அதே கருப்பு. முடிஞ்சா இன்னும் கொஞ்சம்."

தோட்டத்தில் விரிந்திருந்தது ஒரே ஒரு பூ. மற்றதெல்லாம் மொட்டு. அந்த ஒன்றையும் ஒரு மொட்டோடு வெட்டி, தண்ணீர் பாட்டிலில் குத்திக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வெளி இதழ்கள் ஏற்கனவே தளர்ந்திருந்தன. லேசாக மூச்சு விட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது.

முதலாளி போனதும் சின்னவள் அவர் சொன்னபடியே செய்தாள். வெள்ளைத் தாள். நட்ட நடுவே பூ. நேர் வெளிச்சம். எக்ஸ்போஷரைக் குறைத்து, இன்னும் குறைத்து, ஷட்டரை அழுத்தினாள். திரையில் வந்து விழுந்தது ஓர் அருமையான பொய்.

அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"அதே கருப்பு ரோ..."

அவ்வளவுதான். வார்த்தை பாதியில் அறுந்துவிட்டது. இருமல்கூட இல்லை.

சின்னவள் ஓடினாள். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஒரு கை தொண்டையில், மறு கையில் ரிசீவர். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கத்திக்கொண்டிருந்தது. சின்னவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"என்னங்க, பதில் பேசாம இருந்தா எப்படி? பூ பூத்ததும் எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொல்லிட்டேன். மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, எல்லாரும் வந்து நிக்கறாங்க. வந்து பாருங்க கருப்பு ரோஜான்னு திரையை விலக்கினேன். 'இதுவா? எங்க வீட்டுலயும் இருக்கே'ன்னு நாத்தனார் சிரிச்சா பாருங்க, எனக்கு எங்க போய் முகத்தை வெச்சுக்கறதுன்னே தெரியல. அந்தப் படத்தை எடுத்தவன் எவன்? அவன்கிட்ட குடுங்க போனை!"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"அவன் இன்னிக்கு லீவுங்க" என்றாள் சின்னவள்.

ரிசீவரைப் போனில் மாட்டாமல் மேஜைமேல் வைத்தாள், மணி அடிக்காதபடி. அக்காவுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். அக்கா உதட்டை மட்டும் அசைத்து, "போய் வேலையைப் பாருடி" என்றாள். அந்த 'டி' கூடக் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திரும்பும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய அக்காவின் குடை கண்ணில் பட்டது. அசல் கருப்பு. வெயிலில் வெளுக்காத, நல்ல அழுத்தமான கருப்பு.

சின்னவள் அதைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

உடம்பெல்லாம் அசதி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்ததால் உட்காரவில்லை. வெள்ளைத் தாளைச் சுருட்டி மூலையில் போட்டாள். ஜன்னல் பூவின் பின்பக்கமாக, சற்றே ஓரத்தில் வரும்படி மேஜையைத் திருப்பினாள். பூவுக்கு நேர் பின்னால் குடையை விரித்து நிறுத்தினாள்.

கேமரா வழியே பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது.

பின்னாலிருந்து வந்த வெளிச்சம் இதழ்களுக்குள் புகுந்து, அவற்றைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தது. நடுவில் ஆழ்ந்த இருட்டுச் சிவப்பு. விளிம்புக்கு வர வர கனல். குடை பக்கத்தில் இருந்ததால், எது கருப்பு எது கருப்பில்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

பூவை நடுவிலிருந்து நகர்த்தி இடது ஓரத்துக்குத் தள்ளினாள். மொட்டு எட்டிப் பார்க்கும் பக்கத்தில் வெற்றிடம் விட்டாள். முன்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து, இலைகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்பினாள். கருப்பைப் பார்த்தால் கேமரா பதறிப்போய் வெளிச்சத்தைக் கொட்டிவிடும். அதனால் வெளிச்சத்தின் அளவைக் குடையின் மேல் எடுக்காமல் இதழின் மேல் எடுத்தாள். விளிம்பு வெந்து வெளுக்கும் வரை ஏற்றினாள். அங்கிருந்து ஒரு துளி இறக்கினாள்.

க்ளிக்.

ஷட்டர் சத்தத்துக்கே காத்திருந்த மாதிரி, இரண்டு இதழ்கள் கழன்று மேஜையில் விழுந்தன. இன்னொன்று. பூவின் வயிறு திறந்துகொண்டது. இனி முகத்துக்கு நேராக வைத்து எடுக்கவே முடியாது.

ஆனால் கார்டில் முதலில் எடுத்த கரிக்கட்டை இருந்தது. முதலாளி கேட்டது அதுதான்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். அவருடையது.

சின்னவளின் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் நின்றது. அழித்தால் வேலை போகலாம். அழிக்காவிட்டால் அடுத்த வருஷம் முழுக்க அந்த நாற்காலியில் அக்கா. அக்காவிடம் இன்னும் ஒரு வருஷத்துக்கான குரல் இல்லை.

அழுத்தினாள்.

முதலாளி வந்தார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. கருப்பு எங்க?"

"பின்னால இருக்கு சார்."

"கிண்டலா? இன்னும் கொஞ்சம் கருப்பா ஒண்ணு எடுத்துக் குடு."

சின்னவள் மேஜையைக் காட்டினாள். பாட்டிலில் பாதி மொட்டையான ஒரு காம்பு நின்றது. முதலாளி 'ச்சே' என்றார்.

"சரி, கம்ப்யூட்டர்லயே குறைச்சுக்கலாம், நகரு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே மௌஸைப் பிடித்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். ரோஜா கருத்தது. அவர் முகம் மலர்ந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தார். இதழ்களின் ஓரங்கள் குடைக்குள் கரைய ஆரம்பித்தன. இன்னும் கொஞ்சம். ரோஜா காணாமல் போயிற்று. இருட்டில் ஓர் இலையும் ஒரு மொட்டும் மட்டும் அனாதையாகத் தொங்கின.

அவர் கூட்டினார். பூ வந்தது, சிவப்பாக. குறைத்தார். போய்விட்டது. கூட்டினார். குறைத்தார்.

"வெள்ளையில எடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

"ஆமாம் சார்" என்றாள் சின்னவள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் செல்போன் அலறியது. அச்சகம். "வருது, வருது, இதோ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"இப்படியே போகட்டும். ஆனா பேரு கருப்பு ரோஜாதான். அதை மாத்த முடியாது. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

"சார், அக்காவுக்குக் குரல் போயிடுச்சு. ஒரு வார்த்தை வரல."

"அப்ப போனை யார் எடுப்பா?"

பழைய அட்டையைப் பார்த்து வாங்கியவர்களின் தோட்டங்களில் மொட்டுகள் இன்னும் விரிந்துகொண்டுதான் இருக்கும். புது அட்டை போய்ச் சேரும்வரை திட்டும் வந்துகொண்டுதான் இருக்கும். சின்னவள் பெருமூச்சு விட்டாள்.

"நான் எடுக்கறேன். அக்கா பேக்கிங்குல இருக்கட்டும்."

"யாராவது எடுத்தா சரி" என்றபடி அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை. பேக்கிங் அறையில் அக்கா செடிகளின் வேருக்கு ஈரத்தாள் சுற்றிக்கொண்டிருந்தாள், வாயே திறக்காமல். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்தாள். குஷன் அக்காவின் உடம்புக்குப் பள்ளமாகியிருந்தது. அவளுக்குப் பொருந்தவில்லை.

மணி அடித்தது.

"ஹலோ! கருப்பு ரோஜான்னு அனுப்பினீங்களே, பூ சிவப்பா பூத்திருக்கு! வேற செடியை மாத்தி அனுப்பிட்டீங்களா?"

"இல்லீங்க. செடியும் சரி, பூவும் சரி. படம்தாங்க தப்பு."

சண்டைக்கு வந்தவரின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிய மாதிரி ஆயிற்று.

"படம் தப்பா? அதை எவன் எடுத்தான்?"

"நான்தாங்க."

அவர் ஆரம்பித்தார். சின்னவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, கேட்கத் தயாரானாள்.