கண்ணுக்குள் ஆடிய விளக்கு

அறுவைக் கூடத்தில் குழந்தைவேல் கையைத் தூக்கிவிட்டார் என்னும் செய்தி வடக்குத்து ஊர் முழுவதும் பரவ, தேநீர்க் கடையில் சிரித்து மாய்கிறார்கள். சிரிக்க விரும்புவோர் நடந்ததை முழுமையாக அறிந்துகொண்டு சிரிப்பதே முறையாகும்.

நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைச் சுமந்தோடும் பெல்ட் பகுதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர் அவர். இடக்கண் முன்னரே பார்வையிழந்திருந்தது. சர்க்கரை நோயால் வலக்கண்ணுக்குள்ளும் இரத்தம் கசியவே, மனைவி ஆதிலட்சுமியின் முகமும் செம்புகையாய் மங்கிற்று. எஞ்சியிருந்தது அந்த ஒரு கண்தான். அதற்குள் நூல்போன்ற விளக்கொன்றைச் செலுத்தி, அதன் ஒளியில் கசிவை அகற்ற வேண்டும். கண் மட்டுமே மரத்திருக்கும், நினைவு இருக்கும். இம்மி அசைந்தாலும் விழித்திரை கிழியக்கூடும் என்று புதுச்சேரி மருத்துவர் கிருஷ்ணப்ரியா தெளிவாகக் கூறியிருந்தார். குழந்தைவேல் மூன்று நாள்கள் கட்டிலில் மல்லாந்து கிடந்து பழகினார். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தபோதும் விரட்டவில்லை என்பதற்கு ஆதிலட்சுமியே சாட்சி.

அன்று, முகத்தை மூடிய துணிக்கடியில் கல்லாய்க் கிடந்தார். திடீரெனக் கண்ணுக்குள்ளேயே ஒரு வெளிச்சம் தோன்றியது. ஓரங்களைப் பார்ப்பதற்காக மருத்துவர் அதை இடமும் வலமுமாக இருமுறை அசைத்தார். உடனே குழந்தைவேலின் வலக்கை எழும்பித் துணியைத் தூக்கிற்று.

மருத்துவர் நொடியில் கருவிகளை வெளியே எடுத்துவிட்டார். நல்லவேளையாக, கண்ணுக்குச் சேதமில்லை.

"வலிக்குதுங்களா ஐயா?"

"வலி இல்லம்மா. நீங்க லைட்ட ரெண்டு தபா ஆட்டுனீங்க. கை தானா போயிடுச்சி."

பெல்ட்டின் இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது. எதிரில் நிற்பவர் டார்ச்சை இருமுறை ஆட்டினால், பார்த்துவிட்டேன் என்று கையைத் தூக்க வேண்டும். கை எழும்பாதவரை பெல்ட் ஓடாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் உயிர்காத்த பழக்கத்தை மூன்று நாள் பயிற்சி வென்றுவிடுமா? இதையா எள்ளி நகையாடுவது!

கையைக் கட்டிவிடலாம் என்றார் செவிலியர் அகிலா. திமிறினால் தலையும் சேர்ந்து அசையும் என்று மருத்துவர் மறுத்துவிட்டு, குழந்தைவேலிடம் குனிந்தார்.

"லைட்டு ஆடாம ஒரே எடத்துல நின்னா என்ன அர்த்தம்ங்க?"

"அங்க ஆளு வேல செஞ்சிகினு இருக்கான், நீ அசையாம நில்லுன்னு அர்த்தம்மா."

மருத்துவர் கையால் பிடித்து ஆட்டிய விளக்கை வைத்துவிட்டு வேறொரு விளக்கை வரவழைத்தார். வெண்விழியில் செருகிவிட்டால், கூரையில் மாட்டிய விளக்கைப்போல் அது தானாகவே நின்று ஒளி தரும்.

"வேலை நடக்குதுங்க ஐயா."

"நின்னுகினுதாம்மா இருக்கேன்" என்றார், படுத்திருந்தவர். அகிலா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒளி ஆடவில்லை, அவரும் அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் கசிவு முழுவதும் அகன்றது.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். விரல்களைக் காட்டி எத்தனை என்று மருத்துவர் கேட்கவில்லை. அறையின் மறுகோடிக்குச் சென்று, ஒன்றும் பேசாமல், டார்ச்சை இருமுறை ஆட்டினார்.

குழந்தைவேலின் கை தலைக்குமேல் உயர்ந்தது. உயர்ந்த கையை அவர் இறக்கவேயில்லை. மருத்துவருக்குப் பின்னால், சுவரோரம், ஒருவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு நிற்பதையும் கண்டுவிட்டார்.

"அதான் தெரியுதே. அப்புறம் இன்னாத்துக்கு அழுதுகினு நிக்கிற?"

ஆதிலட்சுமி முந்தானையை விட்டுவிட்டு, தம் கையையும் உயரத் தூக்கினார்.