பக்கத்துப் பாதியைப் பார்க்கும் கீப்பர்

முதலில் யார் யார் இருந்தோம், எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வெளிச்சம் பட்டிருக்கும், திரை மின்னியிருக்கும் என்று சொல்லிவிடக் கூடாது.

நீள மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தேர்வுக் குழுத் தலைவர். ஒரு காலத்தில் நாட்டுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர். அவருக்கு வலப்பக்கம் வேகப்பந்து வீசி ஓய்ந்தவர். இன்றும் எல்லோரும் ‘வேகம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்; ஆனால் முட்டி மடங்காததால் ஒரு காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிவைத்துத்தான் உட்காருவார். அவருக்கு எதிரே, பெண்கள் அணியை நடத்தியவர், எங்களுக்குக் கேப்டனம்மா. சுவரில் மாட்டிய பெரிய திரைக்குக் கீழே கம்ப்யூட்டரோடு படக்காரர். ஆட்டங்களின் படத்தை வெட்டித் தொகுத்துக் காட்டுவது அவர் வேலை. கதவோரம் நான், குழுவின் செயலாளர். எனக்கு ஓட்டு கிடையாது. முடிவைக் கடிதமாக எழுதுவது மட்டும் என் பொறுப்பு.

அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வாரியத்தில், அணியில் இருந்து விடப்படுகிறவருக்குத்தான் முதல் கடிதம் போகும். டிவியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். கையால் எழுத வேண்டும். காரணம் ஒரே வரி. அது உண்மையாக இருக்க வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். ‘அணியின் நலன் கருதி’ என்று எழுதினால் கேப்டனம்மா பேனாவை மூடி வைத்துவிடுவார்.

அன்று மற்ற இடங்கள் எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது கீப்பர். வெளிநாட்டுத் தொடருக்கு ஒருவரைத்தான் கூட்டிப்போக முடியும். இருப்பதோ இரண்டு பேர். ஒருவர் ‘பூட்டு’, ஸ்டம்ப்புக்குப் பின்னால் அவர் குனிந்தால் பந்து தாண்டாது. இன்னொருவன் ‘பட்டாசு’, ஏழாவதாக இறங்கி ஆட்டத்தைக் கொளுத்திவிட்டுப் போவான், ஆனால் கையில் விழுந்த கேட்ச்சைச் சில நாள் கீழே போடுவான். பூட்டுக்கு வயது ஏறிவிட்டது. இந்த முறை விட்டால் பிறகு யாரும் கூப்பிடப் போவதில்லை. வேகத்திடம் அவரே போனில் கேட்டிருந்தாராம், இது ஒன்று மட்டும் கொடுங்கள் அண்ணே, முடித்துவிட்டு நானே கிளம்பிவிடுகிறேன் என்று.

தலைவருக்குப் பட்டாசுதான் வேண்டும். இருவரின் சராசரியையும் எடுத்து வைத்தார், நூறு பந்துக்கு எத்தனை ரன் என்றும் ஒப்பிட்டார். வேகம் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அடிச்ச ரன்னு பலகையில தெரியும் அண்ணே. கீப்பர் விட்ட கேட்ச்சு எங்க தெரியும்? இதோ, மறுபடி ஓடி வந்து வீசின என் முட்டியில.”

“உங்க பூட்டு நல்ல பூட்டுதான். வீட்டுல சாமான் இருந்தாதானே பூட்டு வேணும்?” என்றார் தலைவர்.

படக்காரர் சிரிப்பை அடக்க இருமினார். கேப்டனம்மா சிரிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஆனதால் முடிவு அவர் கையில் இருந்தது. எண்களை மூடி வையுங்கள், இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள், சத்தம் வேண்டாம் என்றார்.

படக்காரர் திரையை நடுவில் பிரித்தார். இடது பாதியில் பூட்டு, வலது பாதியில் பட்டாசு. வேறு வேறு மைதானம், வேறு வேறு நாள். பந்து, வீசுபவரின் கையை விட்டு நழுவும் நொடியை மட்டும் இரண்டிலும் ஒன்றாகப் பொருத்தியிருந்தார். குனிவது, எழுவது, கால் நகர்வது எல்லாவற்றையும் ஒப்பிட அதுதான் சரியான வழி.

கொஞ்ச நேரம் அப்படியே போயிற்று. பூட்டு மெதுவாக எழுவதும் பந்து கையுறைக்குள் போய் அடங்குவதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்போது கேப்டனம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பையன் எதைப் பார்க்கிறான் என்று கேட்டார்.

ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பட்டாசு தலையை லேசாக இடது பக்கம் திருப்பினான். திரையின் நடுக்கோட்டை நோக்கி. ஸ்லிப்பில் நிற்பவரைப் பார்க்கிறான் என்றார் வேகம். அந்த ஆட்டத்தில் ஸ்லிப்பில் யாரும் இல்லை என்றார் படக்காரர்.

அடுத்த பந்தில் பூட்டின் பாதியில் பந்து கால் பக்கம் விலகிப் போயிற்று; அவர் பாய்ந்து பிடித்தார். வலது பாதியில் பட்டாசும் அதே பக்கம் பாய்ந்தான், பூட்டுக்கு ஒரு நொடி முன்னால். அவனுடைய பந்தோ எதிர்ப்பக்கமாகப் போய் எல்லைக் கோட்டைத் தொட்டது. பேட்டில் படாமல் ஓடிய பந்துக்கு அன்றைய ஆட்டத்தில் நான்கு ‘பை’ ரன் பதிவாகி இருக்கிறது. கீப்பர் தூங்கிவிட்டார் என்று வர்ணனையில் கேலி செய்தது எனக்கே நினைவிருந்தது.

படக்காரர் பக்கங்களை மாற்றிப் போட்டார். பட்டாசு இடது பாதிக்கு வந்தான், பூட்டு வலது பாதிக்குப் போனார். அதே படங்கள்தான். இப்போது பட்டாசு வலது பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தலைவர் எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். இவனை மட்டும் தனியாக ஓட்டு என்றார். தனியாக ஓட்டினால் பட்டாசு நேராகத்தான் பார்த்தான், எந்தக் கீப்பரையும்போல. மறுபடி பக்கத்தில் பூட்டை வைத்ததும் தலை திரும்பியது.

“மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்பா” என்றார் வேகம். நீட்டியிருந்த காலை அவர் கீழே இறக்கியிருந்தார்.

கடைசித் தொகுப்பு சுழற்பந்துக்கு நிற்பது. பூட்டு அப்போதெல்லாம் ஸ்டம்ப்பை ஒட்டிக் குனிவார், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு. இது ஊருக்கே தெரிந்த பழக்கம். அந்தப் பந்தை நாங்கள் ஐவருமே நேரில் பார்த்தவர்கள். ஆட்டக்காரர் ஏமாந்தார், பந்து ஸ்டம்ப்பைத் தட்டியது, ஸ்டம்ப்பின் தலையில் உட்காரும் பெயில்ஸ் என்ற சின்னக் கட்டை தெறித்து, பூட்டின் தோளுக்கு வெகு தூரம் தள்ளி விழுந்தது. பூட்டு கையைத் தூக்கிக் கொண்டாடினார். அவ்வளவுதான் நடந்தது.

திரையில் கட்டை அவர் காதோரம் போயிற்று. பக்கத்துப் பாதியில் பட்டாசு தன் பந்தை விட்டுவிட்டு, கையுறையை நடுக்கோடு வரைக்கும் நீட்டினான், யாருடைய முகத்தையோ மறைக்கப் பார்ப்பவன்போல.

இப்படி நடக்கவில்லையே என்றார் படக்காரர். திருப்பி ஓட்டினார். இந்த முறை கட்டை கன்னத்தை உரசியது. பூட்டு முகத்தைச் சுளித்தார். படக்காரரின் விரல் மறுபடி பொத்தானுக்குப் போனது.

“வேண்டாம், நிறுத்துங்க” என்றார் கேப்டனம்மா.

திரை கறுத்தது. வெளியே நடைபாதையில் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வேகம்தான் முதலில் போனை எடுத்தார். பூட்டைக் கூப்பிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, இனிமேல் ஸ்பின்னருக்கும் ஹெல்மெட் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டார். பூட்டு சிரித்தார். நீங்களும் எங்கள் வீட்டு அம்மா மாதிரியே பேசுகிறீர்களே அண்ணே, அதைப் போட்டால் பேட்டில் பந்து உரசுவது கேட்காது, அது கேட்காவிட்டால் நான் கீப்பரே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதாவது நல்ல சேதி உண்டா என்று கேட்டார். சொல்கிறேன் என்று வேகம் போனை வைத்துவிட்டார்.

அடுத்துத் தலைவர் பட்டாசைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையின் நடுவில் வைத்தார். விரல் காயம் ஆறிவிட்டதா என்று விசாரித்தார். ஆறிவிட்டது சார் என்றான். குனியும்போது பக்கத்தில் எதையாவது பார்க்கிறாயா என்று தலைவர் கேட்டார், பயிற்சியாளர் சொன்னதாகச் சொல்லி.

“சொன்னா சிரிப்பீங்க சார். கீப் பண்றப்போ பக்கத்துல ஒருத்தர் குனிஞ்சிருக்கிற மாதிரி இருக்கும். ரொம்ப நாளா இப்படித்தான்.”

“யாரு?”

“முகம் தெரியாது சார்.” பிறகு அவனே கேட்டான். “சார், பூட்டண்ணனுக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?”

நாங்கள் யாரும் பூட்டின் பேரையே எடுக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறார், ஏன் கேட்கிறாய் என்றார் தலைவர். தெரியவில்லை சார், வாயில் வந்துவிட்டது என்றான்.

அதன் பிறகு ஓட்டெடுப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. பூட்டை விட்டுவிடலாம் என்றார் கேப்டனம்மா. அவர் கையுறைக்குத்தான் ஓட்டுப் போட இருந்தேன், அது போகட்டும், கண் இருக்கட்டும் என்றார். தலைவர் ஜெயித்த மாதிரியே இல்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வேகம் மட்டும் மல்லுக்கு நின்றார். ஒரு படம் ஆடியதைப் பார்த்து ஒருத்தன் பிழைப்பைப் பறிப்பதா, அதைக் கடிதத்தில் எழுதுவீர்களா, உண்மைக் காரணம் வேண்டும் என்று சொல்பவர்கள்தானே நீங்கள் என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காகிதத்தை எடுத்துவைத்து, தேதி போட்டு, மரியாதை வாசகம் எழுதி, காரணத்துக்கு வந்து நின்றேன். பழைய கடிதங்களில் ஓட்டம் குறைந்தது, உடல் தகுதி போதவில்லை என்று இருக்கும். அவற்றில் எதுவும் இவருக்குப் பொருந்தாது. பொருந்தியதை எழுதினேன்: ‘நீங்கள் ஹெல்மெட் இல்லாமல் ஸ்டம்ப்பை ஒட்டி நிற்பதைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது.’

சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேப்டனம்மா உடனே கையெழுத்துப் போட்டார். தலைவர் போட்டார். வேகம் அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“என்கூட இனிமே பேச மாட்டான்” என்று சொல்லிவிட்டுத் தன் பேரை எழுதினார்.

உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது படக்காரர் என்னைக் கூப்பிட்டார். மனசு கேட்காமல் கடைசித் தொகுப்பை மறுபடி ஓட்டியிருக்கிறார். பூட்டின் பாதியில் கட்டை, அன்று நாங்கள் மைதானத்தில் பார்த்ததுபோலவே, தூரத் தள்ளி விழுந்தது. பட்டாசு நேராகப் பார்த்துக் குனிந்திருந்தான். மூச்சு வந்தது எனக்கு. ஆனால் படக்காரர் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் மறுபடி பார்த்தேன்.

கொண்டாடக் கையைத் தூக்கிய பூட்டு, தூக்கியபடியே தலையைத் திருப்பிப் பக்கத்துப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவரும் வந்து பார்த்தார்கள். அப்படியானால் இப்போது பையனுக்கா, கடிதத்தை நிறுத்திவிடலாமா என்று வேகம் கேட்டார். நிறுத்தினால் திரும்பவும் பழைய இடம்தானே, யாராவது ஒருத்தர் ஸ்டம்ப்புக்குப் பின்னால் குனிந்துதான் ஆக வேண்டும் என்றார் தலைவர். கேப்டனம்மா என்னிடம் திரும்பி, பையனுக்குப் போகும் கடிதத்தை எடுங்கள் என்றார்.

தேர்வானவருக்குப் போகும் கடிதத்தில் காரணம் எழுதும் வழக்கம் இல்லை. அன்று ஒரு வரி சேர்த்தேன்: ‘முகக் கம்பி உள்ள ஹெல்மெட்டோடு வரவும், எந்தப் பந்துவீச்சுக்கும் அதைக் கழற்ற வேண்டாம்.’ கேட்காமலே மூவரும் அதிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் டிரைவர் வண்டியை ஓடவிட்டபடி காத்திருந்தார். வழக்கப்படி பூட்டின் கடிதம் முதலில் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே கொடுத்தேன், ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல், பக்கத்தில் பக்கத்தில் பிடித்து.